பந்துக்கு என்ன அர்த்தம்

வரவேற்பு மேசையில் கிடக்கும் கைப்பேசி ஒரு நாளைக்கு இருபது தடவையாவது பாடும். பாடுகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே ஸ்கேன் அறையில் இருப்பவளுக்குத் தாடை இறுகும்.

கையில் ஒரு பந்தைக் கொடுத்துவிட்டுக்
கதவைச் சாத்திப் போய்விட்டாய்...

அந்தக் குரலின் சொந்தக்காரனை ஊர் உலகமெல்லாம் தேன்குரல் என்று கொண்டாடியது. அவளுக்கு அவன் பெரியம்மா மகன். பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக் கண்ணாடி அதிரும்படி கத்தியதால் வீட்டில் வைத்த பெயர் தொண்டை. மூத்தவன் என்பதால் அவள் மட்டும் அண்ணா என்பாள். மரியாதை குறையவில்லை. குறைந்தது வேறு.

"அக்கா, அந்தப் பந்துக்கு என்ன அர்த்தம்க்கா?" என்று வரவேற்புப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "நேத்து டிவில கேட்டாங்க. அது அந்தப் பொண்ணோட இதயமாம். அதைக் கையில குடுத்துட்டுப் போயிட்டாளாம். எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"போன மாசம் பூமி உருண்டைன்னு சொன்னாரே?"

"அப்போ பூமியாவும் இருக்கும். கவிஞருங்கன்னா அப்படித்தான்க்கா. நமக்கு எங்க புரியப்போகுது?"

"ஆமா, நமக்கு எங்க புரியப்போகுது" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த நோயாளிக்கான படுக்கை விரிப்பை மாற்றினாள். விரிப்பின் மேல் அந்தப் பந்து கிடந்தது. சாம்பல் நிற ரப்பர் பந்து, எலுமிச்சை அளவு, பின்னால் வால்போல ஒரு குழாய். இயந்திரத்துக்குள் போகிறவர் கையில் அதைக் கொடுத்துவிட வேண்டும். பயம் வந்தால், மூச்சு முட்டினால், அழுத்துவார். வெளியே மணி அடிக்கும். இவள் ஓடி வருவாள். அவ்வளவுதான் பந்துக்கு அர்த்தம். இதயமும் இல்லை, பூமியும் இல்லை.

பாட்டை எழுதியவள் அவள்தான்.

நான்கு வருடத்துக்கு முன் அவளுக்கு ஓயாத தலைவலி. ஐந்து வருடமாக அடுத்தவர் தலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவள், ஒரு செவ்வாய்க்கிழமை அதே படுக்கையில் தானே படுத்தாள். அப்போது இங்கே வேலை பார்த்த மூத்த டெக்னீஷியன் அவள் முகத்தின் மேல் கூண்டு போன்ற தலைக்கூட்டை மாட்டினாள், கையில் பந்தைக் கொடுத்தாள், "அசையாதே, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஆயிரம் பேருக்கு இவளும் அதையே சொல்லியிருக்கிறாள். சொல்வது வேறு, கேட்பது வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபத்திரண்டு நிமிடம். ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இயந்திரம் ஒரு விதமாகத் தட்டியது. முடிந்து எழுந்தபோது மூத்தவள் முகத்தைப் பார்க்காமல் விரிப்பை மடித்துக்கொண்டே, "ரிப்போர்ட் மூணு நாள்ல வரும். டாக்டர் சொல்லுவாங்க" என்றாள். படத்தைப் பார்த்தவள் அவள். சொல்ல அனுமதி இல்லாதவளும் அவள்.

அந்த மூன்று நாளில் எழுதியதுதான் பாட்டு. முதல் நாள் ஒரு சரணம், இரண்டாம் நாள் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று. நோட்டில் தேதி, நேரம் போட்டுத்தான் எழுதினாள். எதையும் தேதி போடாமல் எழுதினால் அவளுக்குத் தூக்கம் வராது.

ஸ்கேன் எடுத்தது அம்மாவைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்போது ஓர் இடம் பார்த்துப் பேசி முடிக்கும் கட்டத்தில் இருந்தார்கள்.

"தலைக்குள்ள படம் எடுத்திருக்குன்னு அவங்க காதுல விழுந்துச்சுன்னா தாம்பூலத் தட்டு வாசலோட திரும்பிடும். வாயைத் திறக்காத" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் தொண்டை அண்ணன் வீட்டுக்கு வந்தான். கல்யாண மேடைகளில் பாடிக்கொண்டு, பெரிய வாய்ப்புக்கு வாசல் வாசலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த காலம். வீட்டில் பாட்டு தெரிந்தவன் அவன் ஒருவன்தான். எதைப் பற்றியது என்று சொல்லாமல், சமையலறை வாசலில் நின்று இரண்டு சரணத்தையும் அவனுக்குப் பாடிக் காட்டினாள். யாரிடமாவது இறக்கி வைக்காவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது. அவன் கண்ணை மூடிக் கேட்டான். கைப்பேசி மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தது.

"ஒருதரம் கூடப் பாடு பாப்பா. சும்மா பதிஞ்சு வெச்சுக்கறேன்."

மூன்றாம் நாள் காலை கடைசிச் சரணத்தை எழுதி, நோட்டைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினாள். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: 'நீளம். ரெண்டு போதும்.'

அன்று மத்தியானம் ரிப்போர்ட்டும் வந்தது. ஒன்றுமில்லை, வெறும் ஒற்றைத் தலைவலி. அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள்.

ஆறு மாதம் கழித்துப் பாட்டு வெளிவந்தது. சொல், இசை, குரல்: தேன்குரல். 'இன்னும் நான்கு நிமிடம் என்றாய்' என்ற வரியை மட்டும் 'நான்கு யுகங்கள்' என்று மாற்றியிருந்தான். நிமிடம் என்பதில் கவிதை இல்லையாம்.

அவள் போன் செய்தாள்.

"பாப்பா, குடும்பத்துக்குள்ள என்ன உன்னுது என்னுது? அந்த ரெண்டு வரியை நான்தானே தூக்கி நிறுத்தினேன்? ஆமா, அதுக்கு அர்த்தம்தான் என்ன? வேணாம் வேணாம், சொல்லாத. அர்த்தம் தெரிஞ்சுட்டா உணர்ச்சி போயிடும்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

சண்டைக்குக் கிளம்பியவளை அம்மா மடக்கினாள். "பாட்டு என்னுதுன்னு நீ சொன்னா, எங்க படுத்துக்கிட்டு எழுதினேன்னு கேப்பாங்க. ஸ்கேன் மிஷின்லன்னு சொல்லுவியா?"

சொல்லவில்லை. பார்த்திருந்த இடம் அடுத்த மாதமே வேறு ஏதோ காரணத்தால் கலைந்தது. மாப்பிள்ளை போய்விட்டார். ரகசியம் மட்டும் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டது.

அன்றிலிருந்து அந்த நோட்டின் பின்பக்கத்தில் அவள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். தேதி, நிகழ்ச்சி, பந்துக்கு அண்ணன் சொன்ன அர்த்தம். காதலியின் இதயம். பூமி. பிறக்காத குழந்தை. பாட்டில் வரும் வெள்ளைக் குகை என்பது பனிமலை. முகத்தின் மேல் வைத்த கூடு என்பது சமுதாயம். நேற்றோடு பதினாலு. ஒவ்வொன்றையும் எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கும். பழி தீர்க்க வேண்டும் என்று நினைப்பாள். எப்படி என்று யோசித்தால் எதுவும் தோன்றாது. நாம் எழுதிய இரண்டு சரணத்துக்கு இவ்வளவு கோபம் அதிகமோ என்றுகூடச் சில நாள் தோன்றும். மறுநாள் வரவேற்பு மேசை பாடும். கோபம் சரியான அளவுதான் என்று தெரிந்துவிடும்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதையாக, ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, வரவேற்புப் பெண் வருவதற்கும் முன்னால், தொண்டை அண்ணன் தானே வந்து நின்றான். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, முகமூடி.

"பாப்பா, வலது காதுல ஒரு மாசமா விசில் அடிக்குது. டாக்டர் மூளையை ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டாரு. வெளிய தெரிஞ்சா என் கச்சேரியெல்லாம் போயிடும். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"உக்காருங்கண்ணா" என்றாள். குரல் அவளுக்கே ஆச்சரியமாக நிதானமாக இருந்தது. படிவத்தை எடுத்தாள். "உடம்புக்குள்ள உலோகம் ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"இதுக்கு முன்னாடி எப்பவாவது இந்த ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

"இந்தப் பக்கமே வந்ததில்ல. கடவுள் புண்ணியம்."

இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டாள். "இங்க கையெழுத்து. தேதி. மோதிரம், சங்கிலி, பெல்ட் எல்லாம் இந்தத் தட்டுல வெச்சிடுங்க."

எல்லாம் கழற்றினான். அவள் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"தொப்பி."

எடுத்தான். கீழே தேன்குரலின் புகழ்பெற்ற சுருள்முடி அலையலையாக இருந்தது.

"அதுவும்."

"எது?"

"முடிண்ணா. உள்ள கிளிப் இருக்குமில்ல? காந்தம் இழுத்துடும்."

அவன் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. "பாப்பா, இதைக்கூடவா?"

"ரூல்ண்ணா. நான் என்ன பண்ணட்டும்?"

தட்டில் மோதிரத்துக்கும் சங்கிலிக்கும் பக்கத்தில் சுருள்முடி உட்கார்ந்தது. வழுக்கைத் தலையில் அவள் தலைக்கூட்டை மாட்டினாள். அன்பாகத்தான் மாட்டினாள். காதுக்கு ஹெட்போன் வைத்தாள். பிறகு வலது கையை விரித்து, அந்தச் சாம்பல் நிற ரப்பர் பந்தை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"இது என்ன?"

"பந்து. பயமா இருந்தா அழுத்துங்க. அசையாதீங்க. அசைஞ்சா முதல்லேர்ந்து எடுக்கணும். நான் பக்கத்துலயே இருக்கேன்."

கதவைச் சாத்தினாள்.

உள்ளே போகிறவர்கள் பயப்படாமல் இருக்கப் பாட்டுப் போடுவது வழக்கம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பெருக்கியில் கேட்டாள்: "பாட்டு போடட்டுமாண்ணா?"

"ஏதாவது போடும்மா. சத்தம் கேக்காம இருந்தா சரி."

ஏதாவது போட்டாள்.

கண்ணாடி வழியாக அவன் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அசையாதே என்றாய், அசையவில்லை என்று அவன் குரலே அவன் காதில் தொடங்கியபோது கட்டைவிரல்கள் தாளம் போட்டன. வெள்ளைக் குகைக்குள் படுக்க வைத்தாய் என்ற இடத்தில் தாளம் நின்றது. முகத்தின் மேலொரு கூடு வைத்தாய். பாதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கையில் ஒரு பந்தை. இயந்திரம் இரண்டாவது சுற்றுக்குத் தட்டத் தொடங்கியது. சரியாக அங்கே பாட்டு கேட்டது:

என் தலைக்குள் யார் தட்டுவது
எண்ணி எண்ணித் தட்டுவது...

மணி அடித்தது.

அவள் மெதுவாக எழுந்தாள், மெதுவாகப் போனாள். படுக்கையை வெளியே இழுத்தபோது கூட்டின் கம்பிகளுக்கு நடுவே அவன் கண்கள் பெரிதாக விரிந்திருந்தன.

"பாப்பா... இது... இந்தப் பாட்டு..."

"ஆமா."

"பந்து..."

"ரப்பர் பந்துண்ணா. இதயமெல்லாம் இல்ல."

"நாலு வருஷமா சொல்லலையே நீ!"

"சொல்லாத, உணர்ச்சி போயிடும்னீங்க. இப்ப போயிடுச்சா?"

"பாட்டை நிறுத்து. கெஞ்சிக் கேக்கறேன்."

"பாட்டை நிறுத்தறேன். தட்டுறது நிக்காது. இன்னும் நாலு சுத்து இருக்கு. அசைஞ்சதால இதை முதல்லேர்ந்து எடுக்கணும்."

எல்லாம் முடிந்து, முடியும் மோதிரமும் அதனதன் இடத்துக்குத் திரும்பியபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரையில் படங்கள் வரிசையாக இருந்தன. ஒன்பது வருட அனுபவக் கண்ணுக்கு அதில் பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை. சுத்தமான மூளை. புதிதுபோல இருந்தது, அதிகம் உபயோகிக்காதது.

"பாப்பா, எப்படி இருக்கு? நீ பார்த்தியே?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் நிம்மதியாகப் போய்விடுவான். நாக்கின் நுனியில் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்தது. அவள் விரிப்பை மடித்தாள்.

"ரிப்போர்ட் மூணு நாள்ல வரும். டாக்டர் சொல்லுவாங்க."

"என்னைப் பார்த்துச் சொல்லேன்!"

"ரூல்ண்ணா."

அவன் நாற்காலியில் சரிந்தான். மேடையில் வராத அழுகை இப்போது வந்தது. "நான் பண்ணினது பாவம் பாப்பா. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ரேடியோல பேட்டி இருக்கு. சொல்லிடறேன். இது என் தங்கச்சி எழுதினதுன்னு ஊரறியச் சொல்றேன். என் தலைமேல அடிச்சுச் சத்தியம்."

"தலையை இப்பத்தான் படம் எடுத்திருக்கு. பார்த்து அடிங்க" என்றாள்.

அந்த மூன்று நாளும் அவன் ஒன்பது தடவை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. ஒவ்வொன்றின் நேரத்தையும் குறித்து வைத்தாள். அதிகாலை மூன்றரைக்கு ஒன்று. அதைப் பார்த்தபோது நான்கு வருடத்தில் முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல இருந்தது. இது நல்ல குணம் இல்லை என்றும் தோன்றியது. இரண்டையும் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ரிப்போர்ட் வந்தது. மூளையில் ஒன்றுமில்லை. காதில் சத்தம் வருவது ஒலிப்பெருக்கிக்குப் பக்கத்தில் நின்று பாடியதன் விளைவு என்றார் டாக்டர். அதன்பிறகு அவன் போன் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வரவேற்பு மேசை ரேடியோவைச் சுற்றி அவளும் வரவேற்புப் பெண்ணும் நின்றார்கள். பெஞ்சில் அடுத்த ஸ்கேனுக்கு ஒரு தையல்காரர் காத்திருந்தார்.

அறிவிப்பாளினி கேட்டாள்: "எல்லாரும் கேக்கற கேள்விதான் சார். அந்தப் பந்துக்கு என்ன அர்த்தம்?"

"இன்னைக்கு உண்மையைச் சொல்லிடறேன்" என்றது தேன்குரல். இவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை நாள் நான் மறைச்சு வெச்சிருந்தேன். இது காதல் பாட்டே இல்ல. பல வருஷத்துக்கு முன்னாடி எனக்குத் தலையில ஸ்கேன் எடுத்தாங்க. சாவு பக்கத்துல வந்து நின்னுச்சு. அந்த மிஷினுக்குள்ள, கையில ஒரு ரப்பர் பந்தோட படுத்துக்கிட்டே, மனசுக்குள்ள எழுதினேன்..."

"ஐயோ சார்!" என்று அறிவிப்பாளினி விம்மினாள்.

"ஐயோ அக்கா!" என்று வரவேற்புப் பெண்ணும் விம்மினாள். "நம்ம பந்துக்கா! நம்ம ரப்பர் பந்து!"

பதினைந்தாவது அர்த்தம். சரியான அர்த்தம். பொய் சொன்ன பதினாலு தடவையும் அவன் பாட்டைத்தான் திருடியிருந்தான். உண்மையைச் சொன்ன இந்த ஒரு தடவையில், இயந்திரத்துக்குள் அவள் கிடந்த இருபத்திரண்டு நிமிடத்தையும் சேர்த்துத் திருடிவிட்டான். கற்றுக்கொடுத்ததும் அவளேதான். கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டாயே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

மேசையின் இழுப்பறையை இழுத்தாள். திங்கட்கிழமைப் படிவம். இதற்கு முன் இந்த ஸ்கேன் எடுத்ததுண்டா? இல்லை. கையெழுத்து, தேதி. இதை ஒருவருக்கு அனுப்பினால் போதும், தேன்குரலின் மானம் சந்தி சிரித்துவிடும். தாளைக் கையில் எடுத்தாள். நோயாளியின் தாள் வெளியே போகக்கூடாது. ஒன்பது வருடத்தில் ஒரு தாளும் போனதில்லை. சுருள்முடி விஷயத்தைக்கூட அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. இவனுக்காக அதை உடைப்பதா? அவன் தாள் அவனுக்கு. தாளைத் திரும்ப உள்ளே வைத்து இழுப்பறையை மூடினாள். தன்னுடையது ஒன்று இருந்தது. கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"அந்த ரேடியோ நம்பர் என்ன?"

"எதுக்குக்கா? நீங்களும் பேசப்போறீங்களா? எனக்காக ஒரு வணக்கம் சொல்லுங்கக்கா!"

வரவேற்பு மேசைக் கைப்பேசியில் நான்காவது முயற்சியில் லைன் கிடைத்தது. "நேயர் ஒருத்தர் இணைப்புல இருக்காங்க. சொல்லுங்க மேடம், யார் பேசறீங்க?"

"நான் ஸ்கேன் எடுக்கற டெக்னீஷியன்."

"அடடா, பொருத்தமான நேயர்! சார்கிட்ட என்ன கேக்கணும்?"

"ஸ்கேன் எடுத்த உடனே ரிப்போர்ட் குடுத்துட்டாங்களா சார்?"

"இல்ல... மூணு நாள் ஆச்சு" என்றது தேன்குரல். குரலில் தேன் குறைந்திருந்தது.

"அந்த மூணு நாளைப் பத்தி மூணாவது சரணம் ஒண்ணு இருக்கே. அதைப் பாடுங்களேன்."

"மூணாவது சரணமா?" அறிவிப்பாளினி துள்ளினாள். "யாருக்குமே தெரியாத சரணமா? சார், ப்ளீஸ், ரெண்டு வரி!"

அவள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு. பெஞ்சில் இருந்த தையல்காரர் எழுந்து நின்றார். ஏழு, எட்டு. வரவேற்புப் பெண் ரேடியோவைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், இவள் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். பதினொன்று.

"அது... இப்ப ஞாபகம் இல்ல..."

"எனக்கு இருக்கு" என்று அவள் பாடினாள். பாடகி இல்லை அவள். சமையலறை வாசலில் பாடிய அதே குரல்தான்.

மூன்று நாள் கழித்து வா என்றாய்
முகம் பார்க்காமலே பேசி நின்றாய்
என் தலைக்குள் உள்ளதைக் கண்டவள் நீ
எனக்கே சொல்லாமல் ஏன் சென்றாய்

"பாப்பா!" என்று ரேடியோ கத்தியது. "பாப்பா, போனை வை. அப்புறம் பேசிக்கலாம்!"

வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது. ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது.

"சார்?" என்றாள் அறிவிப்பாளினி. விம்மல் போய்விட்டிருந்தது. "இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"என் பெரியம்மா மகன்தான்" என்றாள் அவள். "அந்தத் தலை என்னோடது. நாலு வருஷத்துக்கு முன்னாடி எனக்குத்தான் மூளையை ஸ்கேன் எடுத்தாங்க. வீட்டுல மறைச்சு வெச்சோம். பாட்டு எழுதின நோட்டு, தேதியோட, கையில இருக்கு. மூணாவது சரணத்தை அனுப்பினதுக்கு இவரு எழுதின பதிலும் இருக்கு. படிக்கட்டுமா? 'நீளம். ரெண்டு போதும்.'"

அவளுடைய சொந்தக் கைப்பேசி மேசையில் ஒளிர்ந்தது. அம்மா. நின்று, மறுபடி ஒளிர்ந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் இதை விளக்கறேன்..." அவன் எழுந்துவிட்டான் போலும். நாற்காலி இழுபடும் சத்தம் ரேடியோவில் கரகரவென்று கேட்டது.

"அசையாதீங்கண்ணா" என்றாள் அவள். ஆயிரம் பேருக்குச் சொல்லிப் பழகிய அதே நிதானம். "அசைஞ்சா முதல்லேர்ந்து எடுக்கணும். முதல் சரணத்துலேர்ந்து வரிவரியா நான் அர்த்தம் சொல்றேன். இன்னும் நாலு நிமிஷம்தான்."

நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.